சிவப்பு ஒயில் விளக்கு: எப்போது எரிகிறது என்பதை முதலில் சொல்லுங்கள்

டாஷ்போட்டில் ஒயில் விளக்கு எரிகிறது என்று யாழ்ப்பாணத்தில் உள்ள என் கராஜுக்கு வருகிறவர்களில் பலர் கையில் ஒரு ஒயில் போத்தலுடன்தான் வருகிறார்கள். விளக்கு எரிந்ததாம், கடைக்கு ஓடிப்போய் ஒரு லீற்றர் வாங்கி ஊற்றினார்களாம், அப்படியும் அணையவில்லையாம். இனிப் பம்ப் மாற்றத்தான் வேண்டுமா என்று கேட்கிறார்கள்.

அந்த விளக்கு ஒயிலின் அளவைச் சொல்வதில்லை. பம்ப் தள்ளும் ஒயில் எஞ்சினுக்குள் எவ்வளவு அழுத்தத்தில் நிற்கிறது என்பதைத்தான் சொல்கிறது. அதையும் மிகப் பிந்தித்தான் சொல்கிறது. எஞ்சின் பக்கவாட்டில் இருக்கும் சிறிய சுவிச், அழுத்தம் சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 3 முதல் 7 இறாத்தலுக்குக் கீழே இறங்கினால்தான் விளக்கை எரியவிடும். நிமிடத்துக்கு 3000 சுற்றில் 40 இறாத்தல் இருக்கவேண்டிய எஞ்சினில் 12 இறாத்தல்தான் இருந்தாலும் டாஷ்போட் இருளாகவே இருக்கும். ஆகவே விளக்கு எரிந்துவிட்டால் அதை நம்பி எஞ்சினை நிறுத்துங்கள். நிறுத்திய பிறகு ஆறுதலாகச் சந்தேகப்படலாம்.

நான் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: எப்போது எரிகிறது? காலையிலா, சூடேறிய பிறகா, வளைவிலா, வேகத்திலா, ஒயில் மாற்றிய மறுநாளா? இதற்குச் சரியான பதில் கிடைத்தால் பாதி வேலை பொனட்டைத் திறக்கும் முன்பே முடிந்துவிடும்.

ஓடும்போது எரிந்து, அணையாமல் நின்றால்

வேகத்தைக் குறைத்து ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்துங்கள். ஓடும் காரில் எஞ்சினை நிறுத்தினால் ஸ்டியரிங்கும் பிரேக்கும் கனத்துப்போகும் என்பதால் இந்த வரிசையை மாற்றவேண்டாம். ஆனையிறவு வெளியில் நிழல்கூட இல்லாத இடத்தில் எரிந்தால் “பளைக்குப் போய்ப் பார்க்கலாம்” என்றுதான் மனம் சொல்லும். எஞ்சினின் சுழல்தண்டான கிராங்கும் அதைத் தாங்கும் பேரிங்கும் ஒன்றையொன்று தொடாமல் இருப்பது இடையில் நிற்கும் மயிரிழையிலும் மெல்லிய ஒயில் படலத்தால்தான். அழுத்தம் போனால் அந்தப் படலமும் போய்விடும். பிறகு பேரிங் உருகுவதற்குச் சில நிமிடங்கள் போதும். பளையில் போய் இறங்கும்போது உங்களிடம் இருப்பது எஞ்சின் அல்ல, பழைய இரும்பு.

சமதரையில் பத்து நிமிடம் விட்டு, ஒயில் அளவுக் கம்பியை இழுத்துத் துடைத்து, மறுபடி இட்டுப் பாருங்கள். கம்பியில் ஒயிலே படவில்லையானால் கீழே குனிந்து, ஒயில் தேங்கி நிற்கும் அடித்தொட்டியான சம்பையும் பில்டரையும் பாருங்கள். எங்கள் ஒழுங்கைகளில் சுண்ணக்கல் முளைத்துக்கொண்டு நிற்கிறது. ஒரு கல் சம்பைக் கிழித்தால் ஒயில் முழுவதும் வழியெல்லாம் சிந்திவிடும். ஒழுக்கு எதுவும் தெரியாமல் அளவு மட்டும் குறைந்திருந்தால், சரியான ஒயிலை மேல் கோடு வரை ஊற்றி ஸ்டார்ட் செய்யுங்கள். பெரும்பாலான கார்களில் கம்பியின் இரு கோடுகளுக்கும் இடையே சுமார் ஒரு லீற்றர் இருக்கும். ஐந்து விநாடிக்குள் விளக்கு அணைந்து, எஞ்சினில் தட்டும் சத்தமும் இல்லாவிட்டால் மெதுவாகக் கராஜ் வரை வரலாம். அளவு சரியாக இருந்தும் விளக்கு எரிகிறதா? காரைக் கட்டி இழுத்துக்கொண்டு வாருங்கள். “ஒலி எதுவும் இல்லையே” என்று ஓட்டிவந்து, எஞ்சினை அடியோடு பிரிக்க வைத்தவர்களை எனக்குத் தெரியும்.

சூடேறிய பிறகு, ஐடிலிங்கில் மட்டும் மினுக்கினால்

இதுதான் அதிகம் வருகிற நோய். அதிகம் தவறாக வைத்தியம் செய்யப்படுவதும் இதுதான். காலையில் எல்லாம் நன்றாக இருக்கும். நண்பகலில் கஸ்தூரியார் வீதி நெரிசலில் நிற்கும்போது விளக்கு மினுக்கும். அக்சிலேட்டரைத் தொட்டால் அணைந்துவிடும். ஒயில் சூடேறி இளகும்போது அழுத்தம் குறைவது இயல்பு. ஐடிலிங்கில், அதாவது கார் நிற்க எஞ்சின் மட்டும் ஓடும்போது, பம்பும் மெதுவாகச் சுற்றுகிறது. இரண்டும் சேருகிற இடத்தில் எஞ்சினின் பலவீனம் முதலில் வெளிப்படுகிறது.

முதலில் கம்பியை எடுத்து ஒயிலை மணந்து பாருங்கள். இந்தப் பழக்கம் எனக்குச் சிறுவயதில் வந்தது. 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடைக் காலத்தில் குடாநாட்டில் பெற்றோல் அருமருந்து. ஒஸ்ரின் ஏ40களும் மொரிஸ் மைனர்களும் மண்ணெண்ணெயில்தான் ஓடின. சிறு போத்தலில் வைத்திருக்கும் கொஞ்சப் பெற்றோலில் ஸ்டார்ட் செய்து, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். எரியாமல் மிஞ்சிய மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவரைக் கழுவிக்கொண்டு பிஸ்டன் வளையங்களைத் தாண்டிச் சம்புக்குள் இறங்கும். அதனால் ஒயில் குறைவதற்குப் பதிலாகக் கூடும். கம்பியில் அளவு ஏறுகிறதே என்று மகிழ்ந்தவர்களின் பேரிங்தான் முதலில் போனது. என் தகப்பனார் கம்பியை மூக்கருகே பிடித்துவிட்டுத்தான் மற்றதைப் பார்ப்பார்.

இன்று மண்ணெண்ணெய் ஊற்றுவார் இல்லை. ஆனாலும் ஒழுகும் இஞ்செக்டர், சரியாக எரியாத சிலிண்டர், எஞ்சின் சூடேற நேரமில்லாமல் தினமும் கடைக்கும் வீட்டுக்குமாக இரண்டு கிலோமீற்றர் மட்டும் ஓடும் கார் ஆகியவை அதே வேலையைச் செய்கின்றன. ஒயிலில் பெற்றோல் மணந்தால், அல்லது ஊற்றாமலே அளவு ஏறியிருந்தால், காரணத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்த பிறகு ஒயிலை மாற்றுங்கள். ஒயிலை மட்டும் மாற்றினால் அடுத்த மாதமும் நீங்கள் இங்கேதான் நிற்பீர்கள். பால் தேநீர் நிறத்தில் குழம்பியிருந்தால் ரேடியேட்டர் தண்ணீர் கலந்திருக்கிறது. அது வேறு கதை. அந்தக் காரை ஸ்டார்ட்டே செய்யவேண்டாம்.

மணம் சரி என்றால் அடுத்துப் பார்க்கவேண்டியது என்ன ஒயில் ஊற்றினீர்கள் என்பது. போத்தலில் 0டபிள்யூ-20 என்று எழுதியிருந்தால் அதில் பின்னால் வரும் 20தான் சூட்டில் ஒயில் எவ்வளவு இளகும் என்பதைக் காட்டுகிறது. 100 பாகை செல்சியசில் 20 வகை ஒயிலின் பாகுநிலை, அதாவது தடிப்பு, 6.9க்கும் 9.3 சென்டிஸ்டோக்குக்கும் இடையே இருக்கும். 30 வகை 12.5 வரை, 40 வகை 16.3 வரை போகும். 50 வகை அதற்கும் மேலே. புதிய ஹைபிரிட் காருக்கென்று வந்த 0டபிள்யூ-20ஐ இரண்டு இலட்சம் கிலோமீற்றர் ஓடிய பழைய கொரொல்லாவில் ஊற்றினால் விளக்கு மினுக்காமல் என்ன செய்யும்? கைநூலில் உள்ள ஒயிலுக்குத் திரும்பினாலே சில கார்கள் குணமாகிவிடும்.

இதற்கு நேர்மாறான தந்திரமும் உண்டு. மினுக்கும் காரில் 20டபிள்யூ-50 ஊற்றினால் விளக்கு அணைந்துவிடும். விற்கிற கையோடு ஊற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். இது வைத்தியம் அல்ல, வலிமாத்திரை. தேய்ந்த எஞ்சினைப் பிரிக்கக் காசு சேரும் வரை ஒரு படி தடித்த ஒயிலில் ஓட்டலாம் என்பதை நானும் மறுக்கமாட்டேன். ஆனால் தெரிந்துகொண்டு செய்யுங்கள். நுண்ணிய வழிகள் உள்ள புதிய எஞ்சின்களில் தடித்த ஒயில் குளிர் ஸ்டார்ட்டில் மேலே ஏறத் தாமதிக்கும். அங்கே இந்தத் தந்திரத்தையே மறந்துவிடுங்கள்.

ஒயிலும் சரி, மணமும் சரி, அப்படியும் மினுக்குகிறது என்றால் தேய்மானம்தான். புதிய எஞ்சினில் கிராங்குக்கும் பேரிங்குக்கும் இடையே 0.02 முதல் 0.05 மில்லிமீற்றர் வரை இடைவெளி இருக்கும். ஒயில் கசியும் அளவு இந்த இடைவெளியின் மும்மடிப் பெருக்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது. அதாவது இடைவெளி இரட்டித்தால், அதே அழுத்தத்தில் கசிவு எட்டு மடங்கு. பம்ப் அதே பம்ப்தான், அவ்வளவையும் ஈடுசெய்ய அதனால் முடியாது. இப்போது புரிகிறதா, பம்பை மாற்றிய பிறகும் விளக்கு ஏன் எரிகிறது என்று? 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றதிலிருந்து 2025இல் திறந்தது வரை எல்லோரும் கையில் இருந்த காரையே போற்றி ஓட்டினோம். அந்த ஐந்து ஆண்டின் தேய்மானம்தான் இப்போது என் கராஜ் வாசலில் வரிசையாக நிற்கிறது.

வளைவிலும் பிரேக் பிடிக்கும்போதும் மட்டும்

ஒயில் குறைவு. சம்பின் ஒரு மூலைக்கு ஒயில் ஓடிவிட, பம்பின் உறிஞ்சு குழாய் காற்றை இழுக்கிறது. அளவைச் சரிசெய்து, எங்கே குறைகிறது என்று பாருங்கள். நீலப் புகை வருகிறதா, நிறுத்துகிற இடத்தில் தரையில் கறை இருக்கிறதா?

காலையில் ஸ்டார்ட் செய்ததும் சில விநாடிகள்

இரவு முழுவதும் பில்டரில் ஒயில் தங்கி நிற்கவேண்டும். அதற்காகப் பில்டருக்குள் ஒரு ரப்பர் வால்வு இருக்கிறது. மலிவான பில்டரில் அந்த ரப்பர் விறைத்துப்போனால் ஒயில் சம்புக்கு இறங்கிவிடும். காலையில் பம்ப் வெறும் பில்டரை நிரப்பிய பிறகுதான் அழுத்தம் ஏறும். அதுவரை டைமிங் செயின் கலகலக்கும். பில்டரை நல்லதாக மாற்றிப் பாருங்கள். பல நேரங்களில் அத்துடன் முடிந்துவிடும்.

ஒயில் மாற்றிய பிறகு எரிந்தால்

நேற்றுவரை எரியாத விளக்கு இன்று எரிகிறது, இடையில் நடந்தது ஒயில் மாற்றம் ஒன்றுதான் என்றால் குற்றவாளி அங்கேதான் இருக்கிறான். பழைய பில்டரின் ரப்பர் வளையம் எஞ்சினில் ஒட்டிக்கொண்டிருக்க, அதன்மேல் புதிய பில்டரைப் பூட்டியிருப்பார்கள். இரண்டு வளையமும் சேர்ந்து அழுத்தத்தில் வழுக்கி, ஒயிலை வெளியே பீய்ச்சும். பில்டர் அடியில் ஒயில் பளபளத்தால் இதைத்தான் முதலில் சந்தேகியுங்கள். வடிகால் ஆணி இறுகாமல் இருக்கலாம். வடித்துவிட்டு ஊற்ற மறந்ததையும் பார்த்திருக்கிறேன். சிரிக்காதீர்கள், தொலைபேசி வந்தால் யாருக்கும் நடக்கும்.

மேல் கோட்டைத் தாண்டி ஊற்றியிருந்தாலும் அழுத்தம் இறங்கும் என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். கிராங்க் ஒயிலுக்குள் அடித்துச் சுழன்று நுரையாக்கிவிடுகிறது. நுரையைப் பம்பால் தள்ள முடியாது. அதிகமானதை வடித்துவிடுங்கள்.

வேகமாக ஓடும்போது எரிந்து, நிறுத்தினால் அணைந்தால்

பேரிங் தேய்ந்த காருக்கு ஐடிலிங்தான் கஷ்டம். இது அதற்குத் தலைகீழ். ஏ9இல் நான்காவது கியரில் அரை மணி நேரம் ஓடிய பிறகு விளக்கு எரிகிறது. நிறுத்திப் பத்து நிமிடம் கழித்து ஸ்டார்ட் செய்தால் ஒன்றுமே நடக்காததுபோல் இருக்கிறது. பம்ப் கூடுதலாகக் கேட்கும்போது சல்லடை வழியே ஒயில் வரவில்லை என்பதுதான் இதன் பொருள். உறிஞ்சு குழாயின் முனையில் உள்ள கம்பிச் சல்லடையில் கரும்பசை அடைத்திருக்கும். எஞ்சின் நின்றதும் இழுவை போய் அடைப்பு கொஞ்சம் இளகும், மறுபடி ஓடினால் மறுபடி அடைக்கும்.

இதில் எனக்கே ஒரு பாடம் உண்டு. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு கார், சம்ப் ஒழுக்குக்காக வேறொரு இடத்தில் கழற்றிப் பூட்டப்பட்டு, அதன் பிறகு இதே நோயோடு என்னிடம் வந்தது. நான் பம்பைப் பார்த்தேன், மிகை அழுத்தத்தைத் திறந்துவிடும் ரிலீஃப் வால்வைப் பார்த்தேன், இரண்டு நாள் போனது. கடைசியில் சம்பை இறக்கினால், சல்லடை முழுவதும் சாம்பல் நிறச் சிலிக்கோன் துண்டுகள். விளிம்பில் பூசும் பசையைத் தாராளமாகப் பிழிந்திருக்கிறார்கள். உள்ளே பிதுங்கியது உடைந்து, நேராகச் சல்லடைக்குப் போயிருக்கிறது. சம்ப் விளிம்பில் பசை வைக்க வேண்டியது மூன்று, நான்கு மில்லிமீற்றர் தடிப்பில் ஒரே கோடு, அவ்வளவுதான்.

சம்ப் நசுங்கியிருக்கிறதா என்றும் குனிந்து பாருங்கள். கல்லில் இடித்து உள்நோக்கிக் குழிந்த சம்ப் ஒழுகாமலே இருக்கலாம். ஆனால் அதன் தரை சல்லடையின் வாயை நெருங்கிவிட்டால் ஒயில் நுழைய இடமிருக்காது. வெளியே ஒழுக்கு இல்லை என்பதால் எல்லோரும் இதைத் தவறவிடுகிறார்கள்.

சுவிச்சா, வயரா

எஞ்சினில் சத்தம் இல்லை, ஒயில் அளவும் சரி. இப்போது சுவிச்சைச் சந்தேகிக்கலாம். பெரும்பாலான கார்களில் சுவிச்சுக்கு ஒற்றை வயர்தான். எஞ்சினை நிறுத்தி, சாவியை மட்டும் போட்டு, அந்த வயரைக் கழற்றுங்கள். விளக்கு தொடர்ந்து எரிந்தால் வயர் எங்கோ உரசி உடலைத் தொடுகிறது. போர்ட்டிக்கோவில் நிற்கும் காருக்குள் எலி குடியிருந்தால் இது சாதாரணம். விளக்கு அணைந்தால் வயர் நல்லது. மிஞ்சுவது இரண்டு: சுவிச் பழுது, அல்லது உண்மையாகவே அழுத்தம் இல்லை. எது என்று ஒயில் அழுத்தத்தை அளக்கும் கேஜ்தான் சொல்லும். சுவிச்சின் முனையில் ஒயில் கசிந்து ஈரமாக இருந்தால் அதை எப்படியும் மாற்றத்தான் வேண்டும்.

சாவியைப் போட்டும் விளக்கு எரியவே இல்லை என்றால் அதைவிட ஆபத்து. பல்ப் போயிருக்கலாம், வயர் அறுந்திருக்கலாம், இணைப்பு அரித்திருக்கலாம். பண்ணைப் பாலம் வழியாக நாள்தோறும் தீவகம் போய்வரும் வாகனங்களில் உப்புக் காற்று இணைப்புகளைப் பச்சையாக்கிவிடுவதை அடிக்கடி பார்க்கிறேன். பழைய கார் வாங்கப் போனால் எஞ்சினைக் கிளப்பும் முன் சாவியை ‘ஓன்’ நிலையில் நிறுத்தி அந்தச் சிவப்பு விளக்கைத் தேடுங்கள். எஞ்சின் ஓடாதபோது அது எரிந்தே ஆகவேண்டும். எரியாவிட்டால், யாராவது வேண்டுமென்றே எரியாமல் செய்திருக்கலாம்.

கேஜ் வைத்து அளப்பது

இந்த ஒரு கருவி இல்லாமல் பம்பைக் கழற்றும் மெக்கானிக்கிடம் காரை விடவேண்டாம். சுவிச்சைக் கழற்றி அந்தத் துளையில் கேஜைப் பூட்டுவதுதான் முறை. டொயோட்டாவுக்கு 24 மில்லிமீற்றர் ஆழச் சொக்கெட் வேண்டும். பெரும்பாலான ஜப்பான் எஞ்சின்களில் துளையின் மரை அரைக்கால் அங்குலப் பைப் மரை, அங்குலத்துக்கு 28. அமெரிக்கக் கேஜ்களில் 27 மரை வரும். முதல் இரண்டு சுற்று நுழைந்துவிடும், பிறகு பலவந்தப்படுத்தினால் எஞ்சினின் மரை போய்விடும். கையால் சுழலாவிட்டால் நிறுத்துங்கள். குழாயைச் சைலன்சர் பக்கமும் பெல்ட் பக்கமும் விடவேண்டாம்.

எஞ்சினை நன்றாகச் சூடேற்றி அளவிடுங்கள். குளிர் எஞ்சினில் எல்லோருக்கும் நல்ல எண்தான் வரும். ஹைபிரிட் கார்களில் எஞ்சின் தானாக நின்றுவிடும் என்பதால் பராமரிப்பு நிலையில் போட்டுத்தான் அளக்கவேண்டும். பொதுவான கணக்கு, ஆயிரம் சுற்றுக்குப் பத்து இறாத்தல். உறுதியான எண் உங்கள் காரின் கைநூலில் இருக்கிறது. சில பழைய டொயோட்டாக்களுக்கு ஐடிலிங்கில் ஐந்து இறாத்தலைக்கூடக் கைநூல் ஏற்றுக்கொள்கிறது. ஆனால் 3000 சுற்றில் 35க்குக் கீழே அவை போகக்கூடாது.

ஐடிலிங்கில் 15, 3000இல் 45 என்றால் எஞ்சின் நலம், சுவிச்சை மாற்றுங்கள். எல்லா வேகத்திலும் குறைவு என்றால் தேய்மானம், பம்ப், அல்லது திறந்தபடி சிக்கிய ரிலீஃப் வால்வு. வேகம் கூட்டும்போது ஏறி, பிறகு இறங்கினால் சல்லடை. ஊசி நடுங்கினால் எங்கோ காற்றை இழுக்கிறது: ஒயில் குறைவு, அல்லது உறிஞ்சு குழாயின் ரப்பர் வளையம் வெடித்திருக்கிறது.

புதிய சுவிச்சைப் பூட்டும்போது வெள்ளை டேப்பைச் சுற்றவேண்டாம். சுவிச்சுக்கு மண் இணைப்பு மரை வழியாகத்தான் கிடைக்கிறது. டேப் அதைத் தடுத்தால் விளக்கு ஒருபோதும் எரியாது. மரையில் இரண்டு, மூன்று சுற்றுக்கு மெல்லியதாகத் திரவப் பசை போதும்.

கேஜும் குறைவு என்றால் எதைக் கழற்றுவது

சம்பை முதலில் இறக்குங்கள். அதுவே பாதிச் சாட்சியைக் காட்டிவிடும். சல்லடையைப் பாருங்கள். சம்பின் அடியில் தங்கிய ஒயிலை வெள்ளைத் துணியில் வடித்து வெளிச்சத்தில் பிடியுங்கள். மினுமினுக்கும் துகள்கள், செம்பு நிறச் செதில்கள் இருந்தால் பேரிங் போய்விட்டது, பம்பைப் பற்றிப் பேசுவதே வீண். துணி சுத்தமாக இருந்தால் ஒரு பேரிங் மூடியைக் கழற்றிப் நசுங்கும் அகலத்தால் இடைவெளியைக் காட்டும் பிளாஸ்டிகேஜ் நூலை வைத்து இறுக்கித் திறந்து இடைவெளியை அளக்கலாம். அது சரியானால் ரிலீஃப் வால்வின் வில்லும் பிஸ்டனும். சிறு மணல் மணிகூட அந்தப் பிஸ்டனைத் திறந்த நிலையில் பிடித்துவிடும். கழுவிப் பூட்டினால் சரியாகிவிடும். பம்பைக் கடைசியில் வைக்கிறேன். பம்ப் அரிதாகவே தனியாகச் சாகிறது. பல புதிய எஞ்சின்களில் அதை எடுக்க முன்மூடியையும் செயினையும் கழற்றவேண்டும், கூலி பொருளைவிட அதிகம்.

இறக்கிய பழைய ஒயிலை வேலி ஓரம் ஊற்றாதீர்கள். நமக்குக் கீழே இருப்பது சுண்ணக்கல், தண்ணீர் அதன் வெடிப்புகளில்தான் நிற்கிறது. மின்நிலையத்தின் கழிவு ஒயிலால் சுன்னாகத்துக் கிணறுகள் பட்ட பாடு எல்லோருக்கும் தெரியும். கானில் சேர்த்து, எடுப்பவர்களிடம் கொடுங்கள்.

பூட்டி முடித்த பிறகு உடனே ஸ்டார்ட் செய்யவேண்டாம். புதிய பில்டரில் கொஞ்சம் ஒயில் நிரப்பிப் பூட்டுங்கள். எரிபொருள் பம்பின் பியூசைக் கழற்றி, பத்துப் பத்து விநாடியாக இரண்டு மூன்று முறை எஞ்சினைச் சுற்றவிடுங்கள். கேஜின் ஊசி அசைந்த பிறகு பியூசைப் போட்டு ஸ்டார்ட் செய்யலாம். சூடான ஐடிலிங்கில் வந்த எண், 3000இல் வந்த எண், ஊற்றிய ஒயில், திகதி ஆகிய நான்கையும் ஒரு அட்டையில் எழுதிப் பொனட்டின் உட்புறம் ஒட்டிவிடுங்கள். அடுத்த ஆண்டு மறுபடி அளக்கும்போது ஒப்பிட அந்த எண்கள் வேண்டும்.